கோயில் போர்த் தண்ணி

"ஆராய்ச்சித் தரவு நம்ம வீட்டு நகையா, பீரோவில் வைத்துப் பூட்ட? அது மக்கள் சொத்து. தாராளமாகத் திறந்து கொடுங்கள்!" பேராசிரியர் அய்யப்பன் மேடையில் வாய் கிழியப் பேசினார். அருப்புக்கோட்டைக் கல்லூரி அரங்கே கைதட்டியது. கீழே உட்கார்ந்திருந்த நாகஜோதி மட்டும் கை தட்டவில்லை. அவளுக்கு ஆராய்ச்சி வழிகாட்டி அந்த மனுசன்தான். திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் அவள் வெயிலில் காய்ந்து எடுத்த தண்ணீர்ச் சோதனை முடிவுகளைப் பற்றி, கட்டுரை அச்சில் வரும்வரை மூச்சு விடக்கூடாது என்று சொன்னதும் இதே வாய்தான். சீ, இப்படியும் ஒரு நாக்கு புரளுமா!

தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நாகஜோதிக்குப் பழக்கமான முருகலட்சுமியின் ஊரும் அவற்றில் ஒன்று. அங்கே தண்ணீரை நாக்கில் வைத்துத்தான் தரம் பிரிப்பார்கள். உப்புக் கரிக்கும் ஊருணிக்கரை போர்க்குழாய்த் தண்ணீர் மாட்டுக்கும் துணிக்கும். கோயிலடிப் போர்த் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். குடிக்க, உலை வைக்க, கைப்பிள்ளைக்குப் பால்மாவு கரைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். வில்லங்கமும் அதில்தான் இருந்தது. புளோரைடு, குடிக்கத் தகுந்த அளவைப் போல மூன்று மடங்கு. அதற்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். மிட்டாய் தின்று கெடுத்துக்கொண்டதாகச் சொல்லித் தாய்மார்கள் முதுகில் நாலு போடுவார்கள். நாகஜோதி அதையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவள்தான்.

கூட்டம் முடிந்து டீக்கு எழுந்தபோது போன் அடித்தது.

"தாயி, நான் முருகலட்சுமி பேசுறேன். பாட்டில்ல தண்ணி பிடிச்சிட்டுப் போனீகளே, நெனப்பிருக்கா? எம் மக பிள்ளை பெத்து வந்திருக்கா. பால் பத்தல, மாவுதேன் கரைக்கணும். கோயில் போர்த் தண்ணியவே ஊத்தலாமுல்ல? பக்கத்து வீட்டுக்காரி வேணாங்குறா. கெட்ட தண்ணின்னா டெஸ்ட் எடுத்த அந்தப் பிள்ளை வந்து சொல்லியிருக்காதான்னு நான்தேன் சண்டை போட்டேன்."

ஊரே அப்படித்தான் நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. இவள் சொல்லாததையே சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"லைன்லயே இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு நாகஜோதி அய்யப்பனிடம் ஓடினாள். அவர் வடையைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கோயில் போர் ரிசல்ட்ட மட்டும் ஊருக்குச் சொல்லிரட்டுமா? கைப்பிள்ளைக்குக் கொடுக்கப் போறாக."

"பேப்பர் வரட்டும்மா. இப்பச் சொன்னா வேற எவனாவது முந்திக்குவான்."

"இப்பத்தான சார் மேடையில அப்படிப் பேசுனீங்க?"

அவர் சிரித்தார். "தலைப்புக் கொடுத்தாங்க, பேசுனேன். உன் தீசிஸ்ல நான் கையெழுத்துப் போடணுமா, வேண்டாமா?"

சட்னி ஒட்டிய அந்த உதட்டைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனை மாதமாக அதற்குச் "சரிங்க சார்" போட்டுக்கொண்டிருந்த தன் வாயை நினைத்தால் அதைவிடக் கேவலமாக இருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா, அந்தத் தண்ணி வேண்டாம். கொதிக்க வச்சாலும் போகாது. பல்லு மட்டுமில்ல, எலும்பும் கெடும். பிள்ளைக்குக் கேன் தண்ணி வாங்குங்க. ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லுங்க, நான் சொன்னேன்னு எம் பேரையும் சொல்லுங்க. மத்த ஊர் ரிசல்ட்டையும் இன்னைக்கே எல்லாருக்கும் அனுப்பிருறேன்."

"இது எப்பத் தெரியும் ஒனக்கு?"

"ஆடியிலயேக்கா."

"தீவாளிக்கு எங்க வீட்டுல பலகாரம் தின்னுட்டுப் போனியே."

முருகலட்சுமி போனை வைக்கவில்லை, எங்கோ கீழே போட்டுவிட்டாள் போல. ஒரு குடம் கவிழ்ந்து தண்ணீர் மண்ணில் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு குடம். வீட்டுக்குள்ளே பிள்ளை பசியில் வீறிட்டது. காதிலிருந்து போனை எடுக்க நாகஜோதிக்குக் கை வரவில்லை.