தேநீருக்கு முந்தைய பதில்

கிணற்றுப் பம்பு மோட்டார் நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. கூட்டுப் பண்ணை இருந்த காலத்தில் டுல்மாவின் உத்தியோகமே அதை ஓட்டுவதுதான். பண்ணையைக் கலைத்தபோது ஆளுக்குக் கொஞ்சம் ஆடு பிரித்துக் கொடுத்தார்கள். மோட்டாரை அப்படிப் பிரிக்க முடியாததால் அது யாருக்கும் சொந்தமில்லாமல் துருப்பிடித்தது. அங்கே ஆடு மேய்த்த எட்டுக் குடும்பங்களும் தண்ணீருக்காகப் பதினாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊற்றுக்கு ஒட்டக வண்டி கட்டின. புது மோட்டார் வராவிட்டால் இந்த மேய்ச்சல் நிலத்தையே விட்டுப் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான், கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்திருந்த மங்கோலியாவைத் தேர்தலுக்கும் சந்தைக்கும் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஒரு பணக்கார நாடு முன்வந்தது. அந்த நாட்டின் நிபுணர் ஹென்ரிக், இரண்டு நாள் ஜீப்பில் குலுங்கி டுல்மாவின் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார். கூடவே மொழிபெயர்ப்பாளர் பில்கூன். தலைநகரத்து ஆள், கழுத்தில் டை. யாருக்கு என்ன தேவை என்று கேட்டறிந்து உதவப் போகிறார்களாம்.

மோட்டாரைப் பற்றி என்ன சொல்வதென்று டுல்மா இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். கெண்டியை அடுப்பில் ஏற்றினாள். ஹென்ரிக்கோ உட்காரும்போதே படிவத்தை எடுத்துவிட்டார்.

"கால்நடையெல்லாம் எப்படி இருக்கு?" ஹென்ரிக் கேட்டதை மொழிபெயர்த்தார் பில்கூன்.

"நல்லாயிருக்கு."

"தண்ணி வசதி?"

"நல்லாயிருக்கு."

வேறென்ன சொல்வாள்? வந்தவர் கேட்டதும் வீட்டுக் குறையை எடுத்துக் கொட்டுவதற்கு அவள் என்ன வளர்ப்பு கெட்டவளா? அவர்கள் வழக்கத்தில் முதலில் எல்லாம் நல்லாயிருக்கும். தேநீர்க் கிண்ணம் காலியான பிறகுதான் செத்த ஆடும் வற்றிய கிணறும் வெளியே வரும். பதினோரு கேள்வி முடிந்தபோது கெண்டி இன்னும் கொதிக்கவில்லை. ஹென்ரிக் எழுந்துவிட்டார்.

டுல்மா ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். "தம்பி, நில்லுங்க! நெசத்தை இன்னும் சொல்லவே இல்ல!"

"படிவம் முடிஞ்சிருச்சுக்கா. எல்லாமே 'நல்லா'ன்னு வந்திருக்கு, சந்தோஷப்படுங்க." பில்கூன் கதவைச் சாத்திக்கொண்டார்.

மற்ற ஏழு கூடாரங்களிலும் இதே கூத்துதான். உதவியாக வந்த புது மோட்டார் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போயிற்று. அங்கே சோய்ஜில் என்றொரு கிழவன், வாசலில் நின்றே வந்தவரைத் திட்டுகிறவன், தண்ணியில்லை என்று முதல் பேச்சிலேயே கத்தியிருக்கிறான். மரியாதை தெரிந்த எட்டுக் குடும்பங்களுக்குக் கிடைத்தது, தங்கள் வெற்றியை மற்றவருக்கு விளக்கிச் சொல்ல மூன்று நாள் பயிற்சி. அதோடு 'மாற்றத்தில் வெற்றி' என்று எழுதிய ஒரு பேனர்.

"டுல்மா, இதைப் பிழிஞ்சா தண்ணி வருமா?" என்றான் அண்டைக் கூடாரத்துச் சோக்து.

"உன் வாயைப் பிழிஞ்சாலே ஒரு குளம் ரொம்பும், போடா."

சிரித்துவிட்டுத் தண்ணி வண்டியைக் கட்டப் போனாள். அந்த வருஷம் ஊற்றுக்கும் கூடாரத்துக்கும் நடந்தே இரண்டு ஒட்டகம் படுத்துவிட்டன.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஹென்ரிக் மறுபடி வந்தார். இம்முறை டுல்மா அவர் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கிப் பெட்டிமேல் வைத்தாள்.

"முதல்ல டீ. அப்புறம்தான் பேச்சு."

ஹென்ரிக் குடித்தார். உப்புப் போட்ட பால் தேநீர் முகத்தைக் கோணவைத்தாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கிண்ணம் கீழே இறங்கியதும் டுல்மா மடை திறந்தாள். மோட்டார், ஒட்டகம், ஊற்று, ஒன்றையும் விடவில்லை. பில்கூன் வேர்த்து வழிந்து மொழிபெயர்த்தார்.

ஹென்ரிக் பழைய படிவத்தைப் புரட்டிப் பார்த்து ஏதோ கேட்டார்.

"போன வருஷம் தண்ணி நல்லாயிருக்குன்னு சொன்னீங்களாமே? ஏன்னு கேக்குறாரு."

"போன வருஷந்தான் டீயே குடிக்கலையே!"

பில்கூன் அதை நாலே சொல்லில் சொல்லி முடித்தார். ஹென்ரிக்கின் முகம் மலர்ந்தது. வேகமாக எழுதினார்.

"என்ன தம்பி எழுதுறாரு?"

பில்கூன் டையைத் தளர்த்திக்கொண்டார். "போன வருஷம் குடிக்க டீ கூட இல்ல, இந்த வருஷம் விருந்தாளிக்கே குடுக்குறீங்க. நல்ல முன்னேற்றம்னு எழுதுறாருக்கா."

"மோட்டாரு?"

"அது முன்னேறாதவங்களுக்குத்தானாம்."

ஒரு வாரத்தில் டுல்மா கூடாரத்தைப் பிரித்தாள். பேனரைத் தூக்கிப்போட மனசில்லை, கெட்டித் துணி. மிச்சமிருந்த ஒட்டகத்தின் மேல் சுமையை மூடிக் கட்ட உதவியது. எழுத்து வெளிப்பக்கமாகவே இருந்தது.

வடக்கே போகும் வழியில் முன்பின் தெரியாத ஒரு குதிரைக்காரன் எதிரே வந்தான். பேனரைப் படித்துவிட்டுக் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினான்.

"பயணம் எப்படியக்கா இருக்கு?"

"நல்லாயிருக்கு," என்றாள் டுல்மா.