மூன்றாம் வகுப்பில் நின்ற தண்ணீர்

சதுப்பு வற்றிய இரண்டாம் கோடையில், உம்முல் கஸப் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பறையில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வராண்டாவில் புழுதி பறந்தது. வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டும் கசியவில்லை. ஆசிரியை நூரிய்யா ஒரு தவளையைத் தொட்டியில் போட்டு, புத்தகத்தை மூடச் சொல்லி, அது என்ன செய்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்க வைத்திருந்தாள். இரை விழுங்கும்போது தவளை கண்ணை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று பிள்ளைகள் பார்த்துச் சொன்னார்கள். இது எங்கே வாழும் என்று கேட்டாள். மறுநாள் தண்ணீர் வந்திருந்தது. ஆமைப் பாடத்துக்குச் சேறு வந்தது, மீன்கொத்திக்கு நாணல் முளைத்தது. பிள்ளைகள் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்கள். ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை, பேசுவதற்கு அவ்வளவு பேர் மிஞ்சியிருக்கவும் இல்லை.

மிஞ்சியவர்களில் ஹாஷிம் ஒருவன். அவனுடைய எருமைகள் உப்பேறிய வாய்க்கால் தண்ணீரைக் குடித்துத் தோல் வெடித்து நின்றன. ஞாயிறு காலை லாரி வருவதாகப் பேச்சு. எருமைகள் கசாப்புக்கு, குடும்பம் செங்கல் சூளைக்கு. அந்த வகுப்பில் படிக்கும் அவன் மகள் ஷதா, வியாழன் மதியம் டீச்சரிடம் கேட்டுவிட்டு ஓடிவந்து, "பாபா, ஓட்டிட்டு வா. எருமையும் பாடந்தானாம்" என்றாள். முன்னோடும் எருமை நஜ்மா வாசலில் தலையை நுழைத்தது, மற்றவை பின்னால் போயின. எதிர்ச்சுவர் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து கண்ணுக்கு மறைந்தது. வெளியே ஒரு செங்கல்கூட அசையவில்லை.

ஆனால் அந்தத் தண்ணீர், யாராவது கவனித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்வரைதான் நிற்கும். வெள்ளியும் சனியும் விடுமுறை. விடுமுறையில் தண்ணீர் வடியும், தவளை சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். எருமை எங்கே புதையும்? மிருகத்தைக் கொண்டுவந்தவரே அதைப் பார்க்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் வழக்கம். வெள்ளியன்று ஹாஷிம், முழங்கால் மோவாயை இடிக்க, பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தான். ஜன்னல் வழியாக அண்டைவீட்டு ஜப்பார் எட்டிப்பார்த்தான். "என்ன ஷதா பாபா, இந்த வயசுல மூணாங்கிளாஸா? பெஞ்சு தாங்குமா?"

"நீயும் வாயேன், ஒண்ணாங்கிளாஸ்ல எடம் இருக்கு."

சிரித்துவிட்டு ஹாஷிம் பாடத்தைத் தொடங்கினான். நஜ்மா கோபமாக இருக்கிறது என்றான். தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. உப்பைத் தேடுகிறது என்றான், இன்னும் இறங்கியது. பிறந்ததிலிருந்து எருமையோடு கிடந்தவனுக்கு எருமையைப் பற்றிச் சொல்ல ஆயிரம் இருந்தது. சொல்லச்சொல்லத் தரை தெரிந்தது. சனி மதியம் எருமைகளின் குளம்பு மட்டுமே நனைந்தது. நஜ்மா சேற்றில் மடங்கிப் படுத்தது.

"பாபா, நீ அது மூஞ்சியவே பாக்கல" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷதா. "பாக்காமயே சொல்ற. டீச்சர்னா வெளிய நிக்க வச்சிருப்பாங்க."

"என் எருமை எனக்குத் தெரியாதா, புள்ள?"

"பாத்ததச் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

அவன் நஜ்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். இடுப்பு கடுத்தது. வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு கொக்கு இடப்பக்கமாக வந்தது, நஜ்மா தலையைத் திருப்பியது. வலப்பக்கமாக வந்தது, திருப்பவில்லை. ஈ ஒன்று வலக்கண்ணின் மேலேயே உட்கார்ந்தது, இமை தாமதமாகத்தான் மூடியது. அதன் கன்று எப்போதும் அந்தப் பக்கமே ஒட்டி நடந்ததையும் இப்போதுதான் கண்டான்.

"இதுக்கு வலது கண்ணு தெரியல" என்றான் மெதுவாக. "கன்னுக்குட்டிதான் அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டே நடக்குது. இத்தன வருசமா நான் பாக்கல."

தண்ணீர் பெஞ்சுவரை ஏறியது. நஜ்மா எழுந்து, கன்று வலப்பக்கம் ஒட்டிவர, நாணலுக்குள் நீந்திப் போனது.

ஞாயிறன்று வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான். பிறகு மூன்றாம் வகுப்பில் முகம் கழுவிக்கொண்டு, காலி வண்டியை ஓட்டிப் போனான். முன்பே ஊரை விட்டுப் போனவர்களில் சிலர் படகைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, வகுப்பறைக்குள் குடிசை போட்டார்கள். விடுமுறைகளில் பார்ப்பதற்கு முறை வைத்துக்கொண்டார்கள், ஜப்பாருக்குச் சனிக்கிழமை. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இன்றைக்கும் பக்கத்து அறையில் புழுதியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். மீன் வாடை அதிகமானால் நடுக்கதவைச் சாத்திக்கொள்வார்கள்.