ஒன்பதாவது முட்டை

ஓர்வில் ப்ரூவிட்டின் மேல் ஓர்வில் ப்ரூவிட்டுக்கு இருந்த மதிப்பு பெல்ஃபோர்டில் வேறு யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவன் அம்மாவுக்கும் இருந்தது.

அவன் பெல்ஃபோர்டு பேஸ்பால் அணியின் இடக்கைப் பந்துவீச்சாளன். எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூட விடாமல் முழு ஆட்டத்தையும் தானே வீசி முடித்தால் அதற்கு ஊரில் முட்டை என்று பெயர். அந்த வருஷம் அவனுக்கு எட்டு முட்டை. கிளேட்டன் அணியின் லாஸ்கருக்கும் எட்டு. லாஸ்கர் தன் கடைசி ஆட்டத்தை முந்தின நாளே வீசி முடித்துவிட்டான். ஓர்விலுக்கு ஒன்று பாக்கி, அதுவும் கிளேட்டனோடு.

லீகில் அதிக முட்டை எடுத்த முட்டை ராஜா யாரோ அவன் படம் அடுத்த வசந்தம் வரை ஓட்டோவின் சலூன் கண்ணாடிக்கு மேல் தொங்கும். ஓர்வில் அந்தக் கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே சுத்தியலோடு போய்த் தன் படத்தைத் தானே மாட்டிவிட்டு வந்திருந்தான்.

"ஜெயிச்சப்புறம் மாட்டலாமே, தம்பி?" என்றார் ஓட்டோ.

"அப்புறம் கூட்டமா இருக்கும்ணே."

முட்டை விழப்போகிறது என்று தெரிந்தால் வீசுபவனிடம் அதைப் பற்றிப் பேசக்கூடாது. பேஸ்பால்காரர்கள் எல்லோரும் காக்கும் வழக்கம்தான். ஆனால் ஜூன் மாதத்தில் ஓட்டக்காரர்கள் தொட்டு ஓடும் தளங்களில் மூன்றாவதைக் காக்கும் ஹோடாக் வாய் தவறி, "இன்னும் ஒருத்தன்தான், ஓர்வில்!" என்று சொல்லிவிட, அடுத்த பந்திலேயே ஓட்டம் போனது. ஓர்வில் மைதானத்தின் நடுவிலேயே குதித்தான்.

"வாயாடா அது, சந்தைக்கடை! இனிமே நான் வீசுற அன்னிக்கு ஒருத்தனும் என்கிட்ட மூச்சு விடக்கூடாது. மைதானமே தீப்பிடிச்சாலும் சரி!"

அன்றிலிருந்து அவன் வீசும் நாளில் சாப்பாட்டுக்கடை ஹேசல்கூட பேசாமல்தான் ஆப்பிள் பை பலகாரத்தை வைத்துவிட்டுப் போவாள்.

கடைசி ஆட்டம். ஒன்பதாவது, அதாவது முடிவுச் சுற்று, பெல்ஃபோர்டு ஆறு, கிளேட்டன் சைபர், இரண்டு பேர் அவுட், மூன்றாமவனும் அவுட்டானால் முட்டை. மூன்றாம் தளத்தில் கிளேட்டனின் ஓட்டக்காரன் ஒருவன் நின்றான்; அங்கிருந்து வீட்டுத்தளத்தைத் தொட்டுவிட்டால் ஓர் ஓட்டம். லாஸ்கரின் மச்சான். ஆறு ஓட்டம் பின்தங்கியவன் ஒரு ஓட்டத்துக்காக உயிரை விடமாட்டான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மச்சான் நினைக்கவில்லை.

இடக்கைக்காரன் வீசத் திரும்பினால் மூன்றாம் தளம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். போதாததற்கு அன்று பத்திரிகைப் படக்காரர் வேறு வந்திருந்தார். ஓர்வில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடி, தேவாலயச் சிலை மாதிரி நின்றான்.

மச்சான் வீட்டுத்தளத்தை நோக்கிக் கிளம்பினான்.

அவன் தன்னைத் தாண்டி ஓடுவதை ஹோடாக் பார்த்தான். உதட்டை இறுக்கிக்கொண்டான். பந்தைப் பிடிக்க எதிரே குந்தியிருந்த கேட்சர் எழுந்து கையுறையை ஆட்டியும் மூடிய கண்ணுக்குத் தெரியவில்லை. கூட்டம் எழுந்து நின்று அலறியது. தனக்குத்தான் என்று நினைத்த ஓர்வில், கையை இன்னும் ஒரு கணம் மேலேயே வைத்திருந்தான்.

கண்ணைத் திறந்தபோது மச்சான் வீட்டுத்தளத்தில் எழுந்து நின்று கால்சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். அடுத்த மூன்று பந்தில் ஆட்டம் முடிந்தது. ஆறுக்கு ஒன்று. முட்டை உடைந்தது.

"ஏண்டா, ஒரு சத்தம் குடுக்கக்கூடாதா?" என்று ஓர்வில் ஹோடாக்கின் சட்டையைப் பிடித்தான்.

"மைதானமே தீப்பிடிச்சாலும் பேசாதேன்னியே. இது வெறும் லாஸ்கர் மச்சான்தானே, ராஜா."

பட்டம் இருவருக்கும் பொது என்று லீக் சொல்லிவிட்டது. ஓட்டோவிடம் ஆணி ஒன்று, படச்சட்டம் ஒன்று. சிக்கனக்காரர், இரண்டு படங்களையும் அதிலேயே திணித்தார். லாஸ்கர் முழுசாகச் சிரிக்கிறான். ஓர்விலைப் பாதி மடிக்க வேண்டியிருந்தது; மடிந்து பின்னால் போனது இடக்கை.