மூன்றாம் கணினியில் சுரந்த பால்

நெடுங்கேணிக்கு அங்கால் உள்ள பால் சங்கத்தில், மாடு கறக்கிற பின்னேர நேரத்தில், மூன்றாவது கணினியின் பின்பக்கத்திலிருந்து பால் வடிந்தது. தலைவர் தில்லைநாதன் அதை அளந்து பார்த்தார். சங்கத்துக்கு அன்றைக்கு வந்த பாலில் தண்ணீர் கலக்காதது அது ஒன்றுதான்.

காலையிலேயே வவுனியாவிலிருந்து கணினி பூட்டுகிற பிரசாந்தன் வந்து வேலையைத் தொடங்கியிருந்தான். ஊர் மாடுகளின் விவரமெல்லாம் உள்ளறைப் பெரிய கணினியின் தரவுத்தளத்தில் இருந்தது. முன்னறைக் கணினிகளில் மென்பொருளைப் போட்டு, பெரியது எங்கே இருக்கிறது, எந்தப் பெயரில் கேட்க வேண்டும், கடவுச்சொல் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு கணினிகள் சொன்னபடி கேட்டன. மூன்றாவதில் வயரைச் செருகி, மறுமுனையைச் சுவரைச் சுற்றி உள்ளறைக்குக் கொண்டுபோகலாமென்று யன்னலால் வெளியே போட்டுவிட்டு, சோறு தின்னப் போனான். அந்த நேரம் பார்த்துத்தான் சுதர்சினி தன் சிவலைப் பசுவை ஊசி போடக் கொண்டுவந்தாள். வழியில் கயிறு அறுந்துவிட்டது. யன்னலில் நல்ல நீல வயர் சும்மா தொங்குகிறது. மாடு வைத்திருக்கிற எவர்தான் விடுவார்? கட்டினாள். தெருவில் ஒரு உழவு இயந்திரம் இரைந்துகொண்டு போக, பசு மிரண்டு, வயரை அறுத்து, பாதியைக் கழுத்தில் கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது.

வீட்டில் அதன் கன்று பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. போத்தல் பாலைத் துப்பியது. கால் மடங்கிக் கிடந்தது. காட்டில் தேடப்போனவர்கள் யானைக்குப் பயந்து திரும்பினார்கள். சங்கத்தில் பிரசாந்தன் மேசையைத் துடைத்து, அறுந்த வயரைக் கழற்றக் கை வைத்தபோது, வாசலில் நின்ற சுதர்சினி வந்து வடிந்த பாலை மணந்து பார்த்தாள்.

"ஐயோ தம்பி, கழட்டாதைங்கோ! இது என்ரை சிவலையின்ரை பால்."

"அக்கா, அறுந்த வயர் இது. நான் என்னெண்டு வேலை முடிஞ்சுதெண்டு சொல்லுறது?"

"என்ரை கண்டு செத்துப்போகும்."

கன்றை மோட்டார் சைக்கிளில் தூக்கி வந்தார்கள். அது வயர் செருகிய இடத்தில் வாயை வைத்து, தலையால் ஒரு முட்டு முட்டி, வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. சுதர்சினி விம்மி அழுதாள். மற்ற இரண்டு கணினிகளோடு சமாளிப்போம், இதை விடு தம்பி என்றார் தில்லைநாதன்.

கன்று காலையும் பின்னேரமும் சங்கத்துக்கு வந்து போனது. வருகிறவர்கள் கணினிக்கு முன்னால் சத்தம் போடாமல் கதைக்கப் பழகினார்கள். கொக்கிளாய்ப் பக்கம் காட்டு மாடுகளோடு நீல வயர் கட்டிய பசு நின்றதாகச் சிலர் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் இல்லை. கன்று கிடாரியான பிறகு பால் குறைந்தது, ஒருநாள் வரவேயில்லை. சுதர்சினி அலுவலகத் தரையிலேயே இருந்துவிட்டாள். "முடிஞ்சுது. என்ரை சிவலை செத்துப் போட்டுது," என்று குழறினாள்.

பிரசாந்தனுக்குச் சொல்லியனுப்பினார்கள். அப்போது அவனுக்குக் கிளிநொச்சியில் வேலை, பஸ்ஸில் வந்தான். மறுமுனை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமர்த்தினான். மறுமுனை பதில் தருகிறது என்று திரையில் வந்தது.

"அக்கா, இருக்குது. பால்தான் வத்திட்டுது."

"உண்மையாவோ?"

"ஓம் அக்கா."

"கண்டு பெருத்திட்டுதெல்லே, இனியேன் சுரக்கப்போகுது," என்று சொல்லி அவள் எழும்பி முகத்தைத் துடைத்தாள்.

இப்போது அந்தக் கிடாரியும் கன்று போட்டுவிட்டது. அதன் பாலைக் கொடுக்க வரும்போதெல்லாம் சுதர்சினி அந்தப் பொத்தானை ஒருதரம் அமர்த்தச் சொல்வாள். மாரி காலத்தில் பதில் வரக் கொஞ்சம் சுணங்கும். வரும்வரை நின்று பார்த்துவிட்டு, வெறுமையான பால் கலனைச் சைக்கிளில் கொளுவிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.