பூட்டிக்கிடந்த காப்பகம்

விடிவதற்கு முன்பே பல்லடத்துத் தறிகுடோனில் காற்றுக்குப் பதில் பஞ்சுத்தூசி ஓடும். ஊடை நூலோடு பாயும் நாடா இடமும் வலமும் அறைகிற சத்தத்தில் பக்கத்து ஆள் திட்டினாலும் கேட்காது. தறி மெக்கானிக்கான என்னைத் திட்டாத ஆளில்லை என்பதால், எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

தறி ஓட்டும் பெண்களின் குழந்தைகளுக்கும் பிடிக்கும். தூணுக்குத் தூண் கட்டிய சேலைத் தூளிகளில், அந்தச் சத்தத்தில்தான் தூங்கும். தறி நின்றால் விழித்து அழும்.

குழந்தைகள் காப்பகம் என்று ஓர் அறை இல்லாமலில்லை. இத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் அது இருந்தாக வேண்டும் என்கிறது சட்டம். முதலாளி நஞ்சுண்டன் கட்டினார். சுவரில் யானை வரைந்தவன் நான். எல்லோரும் பன்றி என்றார்கள். துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வந்தால், முதலாளி வீட்டுப் பேரப்பிள்ளைகள் அதன் கீழே பொம்மையோடு உட்காருவார்கள். கார் போனதும் பொம்மை பீரோவுக்குப் போகும்; நூல் மூட்டை அறைக்கு வரும்; கதவில் பூட்டுத் தொங்கும்.

ஒரு நாள் தறிக்காரி பொற்கொடி அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டிருந்தாள். பின்னால் அவள் மகளின் தூளித் தலைப்பு பறந்து மோட்டார் பெல்ட்டில் சிக்கியது. நான் பாய்ந்தேன். என் தொப்பைக்கு உருண்டேன் என்பதே சரி. சுவிட்சை அணைப்பதற்குள் எட்டு மாதக் கிருபா தரையில் கிடந்தாள். கை முறிந்திருந்தது.

மறுநாள் காலை, மாவுக்கட்டுப் போட்ட குழந்தையோடு வந்தவளை முதலாளி வாசலிலேயே மறித்தார்.

“ஏனுங்க அம்மணி, கைக்கொழந்தைய வெச்சுட்டு எதுக்குங்க வேல? ஊட்ல இருங்க. நாளைல இருந்து கொழந்தையோட ஒருத்தியும் உள்ள வரக்கூடாதுங்க.”

எங்கள் ஊரில் வயிற்றில் அடித்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அடிப்பார்கள்.

“ஊட்ல ஆருங்க இருக்கறாங்க? அவரு காங்கேயத்துல எண்ண மில்லுக்குப் போறாருங்க. காப்பகத்தத் தொறந்து உடுங்க. பாத்துக்க ஒரு ஆளப் போடுங்க.”

“அது உங்களுக்கில்லீங்க.”

“பின்ன ஆருக்குங்க? அந்தப் பன்னிக்குங்களா?”

“யானைங்க,” என்றேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

“மத்தியானம் கம்பெனிக்காரங்க வாராங்க. ரூபன், மூட்டையெல்லாம் வெளிய தூக்கிப்போட்டு ரூமைக் கழுவி வைங்க.” சாவியை என்மேல் வீசிவிட்டு முதலாளி ஆபீசுக்குப் போனார்.

தறிக்காரர்களுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சு புரியும். வாசலோரத் தறியில் நின்ற பாவாத்தாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். தறியை நிறுத்தினாள்.

“அவள வெளிய நிறுத்திப்போட்டு நான் உள்ள நெய்யறதா?”

அடுத்த தறி நின்றது. அதற்கடுத்ததும். கடைசித் தறியும் நின்றபோது எல்லாத் தூளிகளும் ஒரே நேரத்தில் அலறின.

நான் அறையைக் கழுவினேன். கதவைத் திறந்து வைத்தேன். பெண்கள் தூளிகளை அவிழ்த்துக்கொண்டு வந்து அங்கே கட்டினார்கள்.

முதலாளி வந்து கத்தினார். “போலீசக் கூப்புடுவேன்!”

“கூப்புடுங்க,” என்றாள் பொற்கொடி. “காப்பகத்துல கொழந்தைய உட்டா என்ன கேசுன்னு நாங்களும் கேட்டுக்கறோம்.”

அவர் போனை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார்.

குழந்தைகளோ அடங்கவில்லை. அந்த அமைதி அதுகளுக்குப் பழக்கமில்லை. பொற்கொடி கிருபாவை மடியில் போட்டு, உள்ளங்கையால் தரையைத் தட்டத் தொடங்கினாள். டக்கு டடக்கு, டக்கு டடக்கு. பாவாத்தாள் சேர்ந்துகொண்டாள். பிறகு எல்லாக் கைகளும். வெளியே ஆண்கள் தகரப் பெட்டிகளில் தட்டினார்கள். ஒவ்வொரு தூளியாக ஓய்ந்தது.

முகமெல்லாம் சிரிப்பாக முதலாளி ஓடிவந்தார்.

“தறிய ஓட்டிட்டீங்களா? அப்படி வாங்க வழிக்கு!”

தறிகள் செத்தாற்போல் நின்றன. காப்பக வாசலில் அவர் வாயைத் திறந்தார்.

“மெதுவாப் பேசுங்க,” என்றாள் பொற்கொடி, தட்டுவதை நிறுத்தாமல். “புள்ளைங்க தூங்குது.”

ரோட்டிலிருந்து கம்பெனிக்காரர்களின் கார் உள்ளே திரும்பியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் என் யானையின் கீழே உட்கார்ந்து தட்டினேன்.