கழுத்தளவுத் தண்ணீர்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஓடிய கப்பலில் முப்பது வருஷம் இஞ்சின் அறையில் வெந்தவர் சேவுகன். இஞ்சினியராக உயர்ந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ரிட்டயர் ஆகி, அறந்தாங்கிப் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் மனைவி அழகம்மாளும் ஒரே மகன் நாகராசுவும்தான்.

வந்த மறுவருஷம் நாகராசு கட்டுமாவடியில் ஒரு வள்ளம் வாங்கினான். "மீன் யாவாரம் பண்ணப் போறேன்ப்பா. ஒரு பழைய இஞ்சின் கெடைச்சிருக்கு, நீங்கதான் பூட்டித் தரணும்" என்றான். நாலு வருஷம் வேலைவெட்டி இல்லாமல் சுற்றியவன் வாய்திறந்து கேட்டதே சேவுகனுக்குப் பெருமையாக இருந்தது. துருப்பிடித்த இஞ்சினைக் கழற்றி, தேய்த்து, பூட்டி ஓட வைத்தார். அது முதல் சுற்றிலேயே கிளம்பியபோது மகன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வீடு செழித்தது. ஓடு மாறியது, அழகம்மாள் கழுத்தில் புதுச் சங்கிலி ஏறியது. மீனில் இவ்வளவு வருமா என்று ஒரு தடவை கேட்டார். "வருதுல்ல, பேசாம சாப்பிடுங்க" என்றாள் அவள். அவரும் பேசாமல் சாப்பிட்டார்.

ஒரு மத்தியானம் அப்பாவும் மகனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். கிழிந்த சேலை, உப்புப் பூத்த தலைமுடி. பெயர் காத்தாயி, திருமயம் பக்கம்.

"இந்தா ஒக்காந்து சாப்புடுறாரே, இவருதாங்க" என்று நாகராசுவைக் காட்டினாள். "சிலோனுக்குக் கூட்டிப் போறேன்னு வள்ளத்துல ஏத்துனாரு. எங்க அண்ணன் அங்கிட்டு தேயிலைத் தோட்டத்துல இருக்கு, அதுகிட்ட போகத்தான் ஏறுனோம். ராத்திரி பூராவும் கடல்லயே சுத்திட்டு, மன்னாரு வந்துருச்சு, எறங்குங்கன்னு கழுத்தளவு தண்ணியில தள்ளி விட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாதுங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கரையேறி விடிஞ்சு பாத்தா ரோட்டுல பஸ்ஸு போகுது. தொண்டி பஸ்ஸுங்க. நம்ம கரையிலயேதான் எறக்கி விட்டுருக்காங்க."

நாகராசு தலை நிமிரவில்லை. மீன் தலையை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். முள்ளை இலையோரம் துப்பிவிட்டு, "அதுக்கு நான் என்ன பண்றது? அவன் விதி. ஆத்தா, இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றான்.

அழகம்மாள் ஊற்றினாள். ஊற்றியபடியே, "போம்மா அங்கிட்டு. சாப்புடுற நேரத்துல வந்துக்கிட்டு" என்றாள்.

சேவுகன் எழுந்து கொல்லைப்புறம் ஓடினார். முப்பது வருஷக் கடலில் எந்தப் புயலிலும் குமட்டாத வயிறு, தின்றது அத்தனையையும் வெளியே தள்ளியது. அந்த வாயும் அந்தக் கையும் தன் ரத்தம் என்று நினைக்க நினைக்க மறுபடியும் குமட்டியது. கப்பலின் அடித்தளத்தில் மூட்டை முடிச்சோடு சுருண்டு கிடந்த தோட்டக்காட்டுச் சனங்களை அவருக்குத் தெரியும். காத்தாயி மாதிரி எத்தனையோ பேருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்திருக்கிறார். இந்தச் சனங்களைத் தண்ணீரில் தள்ளத்தான் இஞ்சின் பூட்டிக் கொடுத்தோமா?

மறுநாள் காலை கட்டுமாவடிக்கு பஸ் ஏறினார். வள்ளத்தில் ஏறி, தான் பூட்டிய இஞ்சினைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார். ஓடிவந்த நாகராசு கோபப்படவில்லை, சிரித்தான்.

"விடுங்கப்பா. பழசுதானே, புதுசு வாங்கிக்கிறேன்."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சம்மட்டி பிடித்த கை கூசியது. அதை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினார்.

ஊர்ச் சாவடியில் படுத்திருந்த காத்தாயியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், மகன் பெயரைச் சொல்லி எழுதிக் கொடுத்தார். ஆனால் வள்ளத்தில் போன மற்றவர்கள், களவாகப் போனது தெரிந்துவிடுமே என்று பயந்து சாட்சிக்கு வரவில்லை. கேஸ் நிற்கவில்லை. நாகராசு விடுதலையாகி மாலையோடு ஊருக்குள் வந்தான். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் சேவுகனைத்தான் காறித் துப்பியது.

அவர் அறந்தாங்கியில் ஒரு அரிசி மில்லில் இஞ்சின் பார்க்கப் போனார். அங்கேயே படுக்கை. காத்தாயிக்கும் அதே மில்லில் நெல் காயவைக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார்.

நாகராசு மச்சுவீடு கட்டிக் குடிபுகுந்தபோது அழகம்மாள் கூப்பிட வந்தாள்.

"என்னங்க, இன்னுமா கோவம்? பெத்த புள்ளதானே? வந்து ஒருவாய் சாப்புட்டுப் போங்க."

"கோவம் இல்ல அழகம்மா. அருவருப்பா இருக்கு" என்றார் சேவுகன். "அவனப் பாத்தாலும், ஒன்னப் பாத்தாலும். அந்தச் சோத்தை ரெண்டு வருஷம் துருவிக் கேக்காம தின்ன என்னப் பாத்தாலும்."

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். அவர் மில்லுக்குள் போய் இஞ்சின் பெல்ட்டை மாட்டினார்.