ஜெர்க்கினுக்குள் போட ஒரு துணி

பகையாளிகள் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வியாபாரம் பண்ண முடியுமா என்று கேட்டால், விருதுநகர் பஜாரில் முடியும். நடுவில் ஒருத்தி நின்று இரண்டு பக்கமும் இடி வாங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மார்கழியில் அந்த உத்தியோகம் அருணாதேவிக்கு வாய்த்தது.

ஜவுளிக்கடை அவள் தம்பி அய்யாதுரையுடையது, முன்னே அப்பாவுடையது. வாங்க வந்தவர் அவள் புருஷன் பாண்டிச்செல்வம், எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். விடியுமுன் பைக்கை எடுத்தால், ஆமத்தூர் தாண்டுவதற்குள் கண்மாய்க் காற்று ஜெர்க்கினைத் துளைத்து நெஞ்சில் உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே இரண்டு முறை சளி கட்டிப் படுத்தாயிற்று. இன்னொரு தடவை வந்தால் பைக்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்நேரத்துக்கு அந்த வழியில் பஸ் கிடையாது. பைக் போனால் வேலையும் போகும்.

ஜெர்க்கின் என்னவோ தடித்த கித்தான்தான். கனம் இருந்தது, காற்றை நிறுத்தத்தான் தெரியவில்லை. உள்ளே ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தார். ஜிப் தொப்பையோடு மல்லுக்கு நின்று தோற்றது. ஆகவே சட்டைக்குள் போட மெல்லிசாக, காற்றுப் புகாததாக ஒன்று வேண்டும். அதுவும் சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். நைலான், பாலியஸ்டர் வகையறா உரசினால் பொறி தட்டும். கம்பெனியின் வெடிமருந்து அறையில் பொறி தட்டினால் என்ன ஆகும் என்று அந்த வட்டாரத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பகையும் துணியில்தான் பிறந்தது. அய்யாதுரையின் கொழுந்தியா சோலையம்மாள் அதே கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். சீசன் நேரத்தில் ஒருநாள் அவள் கட்டி வந்த சேலையைத் தொட்டுப் பார்த்த பாண்டிச்செல்வம், கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். "எங்க அக்கா வீட்டுக்காரர் கடையில எடுத்தது, காட்டன்தான்" என்று அவள் அழுதபோது, அவர் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கடையில காட்டன்னு சொல்றதெல்லாம் காட்டன் இல்ல தாயி" என்று வரிசைக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். தீபாவளிக்கு, அந்த வரிசையில் நின்ற விஸ்வநத்தத்துப் பெண்கள் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் படியேறினார்கள்.

அருணாதேவி அன்றைக்குத் தம்பி பக்கம்தான் நின்றாள். "எங்கப்பா கடையைச் சந்தியில நிறுத்திட்டீகளே" என்று புருஷனோடு மாரடித்தாள். இப்போது அவரை இழுத்து வந்ததும் அவள்தான். ஒரு துணி எடுத்தால் ஒரு வார்த்தை வரும், வார்த்தை வந்தால் உறவு வரும் என்று கணக்கு.

"என்ன வேணும்னு உன் வீட்டுக்காரரைக் கேளுக்கா" என்றான் அய்யாதுரை, இரண்டடியில் நின்றவரைப் பார்க்காமல்.

"காத்துப் புகாத பருத்தி வேணும்னு உன் தம்பிகிட்டச் சொல்லு."

"காத்துப் போறதுக்குத்தானக்கா பருத்தி? பாராசூட் துணியில பனியன் மாதிரி ஒண்ணு இருக்கு. காத்து என்ன, கடன்காரனே உள்ள வர முடியாது." நீல நிறத்தில் ஒன்றை எடுத்து வீசினான். மேசையில் சரசரவென்று விழுந்தது. "கேட்டுல கழட்டி வச்சுட்டுப் போகச் சொல்லு."

"சட்டைக்குள்ள போடுறதை அம்புட்டுப் பொம்பளைக முன்னாலயும் கழட்டச் சொல்றானா? ஒருநாள் மறந்துட்டா, கேட்டுல தொங்குற ஜெர்க்கின் மட்டும்தான் வீடு வந்து சேரும்னு சொல்லு."

 சேலை பார்க்க வந்திருந்த ஆமத்தூர்ப் பெண்கள் மூன்று பேர் சேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அய்யாதுரை ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் கையில்லாத உள்சட்டை ஒன்றை இறக்கினான். "நெருக்க நெசவு. ஊதிப் பாருக்கா."

வாயில் வைத்து ஊதினாள். மூச்சு மறுபக்கம் வரவில்லை. தொட்டால் பருத்தி மாதிரிதான் இருந்தது.

"சுத்தக் காட்டன். வாய்ப்பேச்சு எதுக்கு?" தானே அதிலிருந்து நீளவாக்கில் ஒரு நூலை உருவி, பிள்ளையார் படத்துக்குக் கீழே எரிந்த விளக்கில் காட்டினான். பருத்திக்கே உரிய, காகிதம் கருகுகிற வாசனை வந்தது. நூல் பொடிச் சாம்பலாக உதிர்ந்தது. "அடுத்தவன் கடையைப் பேசத் தெரிஞ்சவுகளை இதை மோந்து பாக்கச் சொல்லு."

பாண்டிச்செல்வம் மோந்து பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

அருணாதேவிக்குத்தான் இடித்தது. அவளும் அதே ஜவுளிக்கடையில் பிறந்தவள். துணி என்றால் நீளத்துக்குப் பாவு, குறுக்கே ஊடு. கேட்காமலே நூலை உருவிக் கொளுத்துகிற வியாபாரி, எந்தப் பக்கத்து நூலை உருவினான்? குறுக்கு நூல் ஒன்றை நகத்தால் கிளப்பி விளக்குப் பக்கம் கொண்டுபோனாள். சுடர் படுவதற்கு முன்பே அது சுருண்டு பின்வாங்கியது. உருகிக் கடுகளவு கறுப்பு உருண்டையாகி விரலைச் சுட்டது.

புருஷன் கவனிக்கவில்லை. தம்பி கவனித்தான்.

அவள் உருண்டையை விரலிடுக்கில் மறைத்துக்கொண்டாள். "அளவு சேராதுலே துரை. எடுத்து உள்ள வை. வேற பாத்துக்கிடலாம்" என்றாள் மெதுவாக.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் துணியை மடித்து வைத்திருப்பான். அய்யாதுரைக்கோ தீபாவளி நட்டம் நெஞ்சில் நின்றது, எதிராளியின் கை சட்டைப்பையில் இருந்தது, சாட்சிக்கு மூன்று பேர் இருந்தார்கள்.

"அளவெல்லாம் கச்சிதமா இருக்கும். நம்ம சரக்கு மட்டம்னு தண்டோரா போட்ட மனுசன், காட்டன்தான்னு இவுக முன்னால ஒத்துக்கிடட்டும். இந்தா, பில்லைப் போடுறேன்."

அவள் விரலைத் திறந்து உருண்டையை மேசையில் வைத்தாள்.

"இது ஊடு. மோந்து பாருங்க தாயி."

ஆமத்தூர்க்காரி ஒருத்தி குனிந்து, மூக்கைச் சுளித்தாள். "பிளாஸ்டிக்கு நாத்தமில்ல அடிக்கி!"

"ஏலே, இதைப் போட்டுக்கிட்டு அவர் மருந்து ரூமுக்குள்ள போவாருன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"கேட்டுல கழட்டச் சொல்லித்தானக்கா..."

"தெரியுமா, தெரியாதா?"

அவன் பில் புத்தகத்தை மூடினான். "கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பரிஞ்சு பேசுறே. இனி இந்தப் படி ஏறாதே."

"உன் படி ஏறணும்னு யாரும் தவங்கிடக்கல. எந்தாலியில தீ வைக்கப் பாத்துட்டு வாய் வேற பேசுறியா?"

பாண்டிச்செல்வத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் அன்னைக்கே..." என்று தொடங்கினார்.

"நீங்க பேசாம வாங்க. நீங்க ஜெயிச்சதுல எனக்கு என்ன சீரா வந்து குவிஞ்சிருச்சு?"

விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள். எதிர்க்கடைக்காரர் சண்டையை ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு, பெஞ்சைத் துடைத்துத் தயாராக நின்றார். "வாங்க, வாங்க! மச்சினன் கடையிலேருந்தா வாறீக?"

"எங்கிருந்து வந்தா என்ன? நெருக்கமான காட்டன் டிரில் எடுங்க. ரெண்டு மடிப்பாத் தைச்சு, காத்தை மறிக்க நடுவுல வெடி சுத்துற பழுப்புக் காகிதம் வைக்கணும். சட்டைக்குள்ள போடுறதுக்கு."

அவர் துணியை விரித்து ஒரு விலை சொன்னார்.

"அங்கன அறுத்துக்கிட்டு வந்தவதானேன்னு ஏத்திச் சொல்றீகளாக்கும்? எங்களுக்கு இன்னும் எத்தனையோ கடை இருக்கு."

அவர் இறங்கினார். அவள் இன்னும் இறக்கினாள். கடைசியில் பாவில் ஒன்று, ஊடில் ஒன்று என்று நூல் உருவி, தீப்பெட்டி கேட்டு வாங்கி, வாசற்படிக்கு வந்து நின்றாள். தம்பி கடைக்கு நேராக நின்றுதான் குச்சியைக் கிழித்தாள். இரண்டும் சாம்பலாகிற வரைக்கும் கையை அசைக்கவில்லை.

"வெட்டுங்க" என்றாள்.